அன்னக்கூடைக்கு ஓலை வாசித்த கதை

சிதம்பரம் கோர்ட்டுக்கு எதிர்வரிசையில் ஞானமேரி வைத்திருக்கும் கடையில் ஜெராக்ஸ் எடுக்கலாம், மனு டைப் அடிக்கலாம், பெயர் மாற்றத்துக்கு அரசிதழ் படிவம் நிரப்பலாம். ஆதாரில் ஒரு பெயரும் சான்றிதழில் ஒரு பெயருமாக அல்லாடுகிறவர்கள் வருவார்கள். ஜோசியக்காரன் சொன்னான் என்று பெயரில் ஒரு எழுத்தைக் கூட்டிக்கொள்கிறவர்களும் வருவார்கள். தங்கள் பெயர் அச்சாகிற நாளில் அந்த ஒரு பக்கத்தைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். மிச்சப் பக்கங்களை இந்த ஜில்லாவில் படிக்கிற ஒரே ஜீவன் ஞானமேரிதான். அது அவளுக்குப் பத்தொன்பது வருடமாக இருக்கும் வியாதி.

இந்த வியாதி புரியவேண்டுமானால் சட்டம் எப்படிப் பிறக்கிறது என்று கொஞ்சம் தெரியவேண்டும். பேரவையில் நிறைவேறுகிறபோது சட்டத்துக்கு வெறும் எலும்புதான் இருக்கும். ‘வகுத்துரைக்கப்படும் விதத்தில்’ என்று பத்து இடத்தில் எழுதிவிட்டு எல்லாரும் கேன்டீனுக்குப் போய்விடுவார்கள். அந்த விதம் என்னவென்று வகுத்துரைக்கிற வேலை துறைக்காரர்களுடையது. அதற்குப் பெயர் விதிகள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கவேண்டும் என்பது இதைப் பார்த்துத்தான் சொல்லியிருப்பார்கள். அந்த விதிகளை முதலில் வரைவாக அரசிதழில் போடுவார்கள். கடைசியில் ஒரு வரி இருக்கும்: ஆட்சேபணையோ கருத்துரையோ உடையவர்கள் முப்பது நாளைக்குள் அரசுச் செயலருக்குத் தெரிவிக்கலாம். ஒருத்தனும் வரமாட்டான் என்ற நம்பிக்கையில் அடித்த கல்யாணப் பத்திரிகை அது. ஞானமேரி மட்டும் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, மொய்க்கவரோடு போய் நிற்பாள்.

கடலூர் ஓ.டி. என்கிற ஓல்டு டவுனில் பிறந்தவள். அப்பா ஜோசப்ராஜ் துறைமுகத்தில் வேலை பார்த்தார். பிளஸ் டூவும் டைப்ரைட்டிங் ஹையரும் முடித்த கையோடு மஞ்சக்குப்பத்தில் வக்கீல் தட்சிணாமூர்த்தி ஆபீசில் சேர்ந்தாள். சட்டம் திருத்தப்படும்போதெல்லாம் அந்தத் திருத்தத்தைத் துண்டுச்சீட்டாக வெட்டி, மைதா பசை தடவி, புத்தகத்தில் பழைய பிரிவின் மேல் ஒட்டவேண்டும். பதினாலு வருடம் ஒட்டினாள். இதில் மேன்மை ஒன்றும் கிடையாது. விரல் பிசுபிசுக்கும், மைதாவுக்குக் கரப்பான் வரும். ஒரு மழைக்காலத்தில் கரப்பான் ஒரு திருத்தச் சீட்டை முழுசாகத் தின்றுவிட்டது. அடியில் கிடந்த பழைய பிரிவு மறுபடி வெளிச்சத்துக்கு வந்தது. எப்போதோ செத்துப்போன அந்தப் பிரிவை வைத்து தட்சிணாமூர்த்தி ஒரு மணி நேரம் வாதாடினார். எதிர்த்தரப்பு வக்கீலுக்கும் அது செத்தது தெரியாது. கேஸ் ஜெயித்தது.

அன்றைக்கு ராத்திரி ஞானமேரிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சட்டம் என்றால் ஏதோ மலை மாதிரி அசையாமல் நிற்கும் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தாள். யாரும் படிக்காவிட்டால் அது கரப்பானுக்குத் தீனி என்று தெரிந்துபோனது. அன்றிலிருந்து அரசாங்கம் எதை அச்சடித்தாலும் அவள் படித்தாக வேண்டும் என்றாகிவிட்டது.

ஜேக்கப்பைக் கட்டிக்கொண்டு சிதம்பரம் வந்தாள். ஜேக்கப் குமராட்சி போகும் மினி பஸ்ஸின் டிரைவர். பெண்டாட்டி கடை வைத்ததில் அவருக்குச் சந்தோஷம். பெண்டாட்டி ஆட்சேபணை வைத்ததில்தான் கொஞ்சம் சங்கடம். சினிமா தியேட்டரில் கக்கூஸ் எத்தனை இருக்கவேண்டும் என்ற வரைவுக்கு எழுதினாள். கரும்பு எடைபோடும் வரைவுக்கு எழுதினாள். நாய் வளர்ப்புக்கு, பாய்லர் ஆய்வுக்கு, தென்னங்கன்றுக்கு எழுதினாள். எல்லாம் ஒப்புகைச் சீட்டோடு கூடிய ரிஜிஸ்டர் தபால். அந்த ஒப்புகைகள் ஒரு பிஸ்கட் டின் நிறையச் சேர்ந்திருந்தன. நீ செத்தால் இதைத்தான் மாலையாகக் கட்டிப் போடப்போகிறேன் என்பார் ஜேக்கப்.

பத்தொன்பது வருடத்தில் ஒரே ஒரு தடவை பதில் வந்தது. மின்தூக்கிகளில் காற்றாடி கட்டாயம் வேண்டும் என்று ஒரு வரைவுக்குக் கருத்துரை எழுதியிருந்தாள். வாழ்நாளில் இரண்டு முறைதான் லிஃப்டில் ஏறியவள்; இரண்டு முறையும் வேர்த்தது. அந்தக் கடிதம் இந்தத் துறைக்கு உரியதல்ல என்று அடுத்த துறைக்குப் போய், அங்கிருந்து கலெக்டர் ஆபீஸ், தாலுகா ஆபீஸ் என்று இறங்கி, எட்டு மாதம் கழித்து வி.ஏ.ஓ.வின் கைக்கு வந்து சேர்ந்தது. அவர் பைக்கை நிறுத்திவிட்டு, ஓட்டு வீட்டை மேலும் கீழும் பார்த்தார். “உங்க லிஃப்ட்ல ஃபேன் ஓடலன்னு மனு குடுத்திருக்கீங்களாம். லிஃப்ட் எங்கம்மா?” என்று கேட்டார். இல்லை என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். மனு முடித்துவைக்கப்பட்டது.

ஜேக்கப் இதைக் குமராட்சி வரைக்கும் ஒவ்வொரு ஸ்டாப்பிலும் சொன்னார். ஞானமேரி சிரித்தாள்தான். ஆனால் உள்ளே ஒரு ஏக்கம் இருந்தது, அதை ஒளிப்பானேன். சாவதற்குள் தான் எழுதிய ஒரே ஒரு வரியாவது அரசிதழில் அச்சாகவேண்டும். பெயர் வேண்டாம், போட்டோ வேண்டாம். ஒரு வரி போதும்.

இனி தங்கம்மாள். பரங்கிப்பேட்டைப் பக்கத்துக் கடலோரக் குப்பம். பெரிய அலுமினிய அன்னக்கூடையில் மீனைப் போட்டு, காலை பஸ் பிடித்து, சிதம்பரத்தில் தெருத்தெருவாகத் தலைச்சுமையில் விற்பவள். புருஷன் கடலோடு போய் ஒன்பது வருடம். மகள் பவானி கடலூரில் நர்சிங் படிக்கிறாள் என்றால், அதற்கு ஃபீஸ் கட்டியது அந்த அன்னக்கூடை. ஞானமேரிக்கும் அவளுக்கும் பதின்மூன்று வருடப் பழக்கம், பதின்மூன்று வருடச் சண்டை. சண்டைக்குக் காரணம் செதில். கடையின் நிழலில் உட்கார்ந்து, கேட்டவர்களுக்கெல்லாம் மீனை ஆய்ந்து கொடுத்துவிட்டு, செதிலையும் குடலையும் படியோரம் அப்படியே விட்டுவிட்டு எழுந்து போய்விடுவாள். காக்கா வரும், பூனை வரும், ஈ வரும். அஃபிடவிட் எடுக்க வந்தவர் செதிலை மிதித்துவிட்டுக் கோர்ட்டுக்குள் போவார். ஞானமேரி திட்டுவாள். தங்கம்மாள், நாளைக்கு நல்ல சங்கரா எடுத்து வைக்கிறேன் யக்கா என்று சொல்லிவிட்டு, மறுநாளும் அங்கேயே ஆய்வாள்.

போன வருடம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் தங்கம்மாள் கடைக்கு வந்தபோது தலையில் அன்னக்கூடை இல்லை. சும்மாடு மட்டும் இருந்தது. பஸ் மாறுகிற ஊரில் சுகாதார அதிகாரி ஒருவர் மீனோடு சேர்த்துப் பிடுங்கிவிட்டாராம். எந்த ஊர், எந்த ஆபீஸ் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். நாளைக்கு நாமும் அங்கே வீட்டு வரி கட்டப் போகவேண்டும். புதுச் சட்டம் வந்துவிட்டது, இனிமேல் மீன் விற்கவேண்டுமானால் நூறு சதுர அடியில் கடை வேண்டும், சுவரில் டைல்ஸ் வேண்டும், ஐஸ் பெட்டி வேண்டும், சாக்கடை வேண்டும் என்று வாட்ஸப்பில் காட்டினாராம்.

தங்கம்மாள் அழவில்லை. படியில் உட்கார்ந்து சும்மாட்டைப் பிரித்துப் பிரித்துச் சுற்றிக்கொண்டிருந்தாள். “நூறு அடிக்கு நான் எங்கக்கா போவேன். என் வூடே அவ்ளோ கெடையாது” என்றாள். பவானிக்கு இன்னும் ஒரு வருடப் படிப்பு பாக்கி இருந்தது.

ஞானமேரி கம்ப்யூட்டரைத் திறந்து அரசிதழைத் தேடி எடுத்தாள். முதல் பக்கத்தைப் பார்த்ததும் அவளுக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. அது சட்டமே இல்லை. வரைவு. வெளியான புதன்கிழமையிலிருந்து முப்பது நாள் அவகாசம். அதில் இருபத்துநாலு நாள் கரைந்துபோயிருந்தது. ஒவ்வொரு புதனும் படிக்கிறவள் அந்தப் புதன்கிழமை மட்டும் பங்குக்கோயில் திருவிழா நோட்டீஸ் அடிக்கிற வேலையில் விட்டுவிட்டாள். தென்னங்கன்றுக்கெல்லாம் எழுதியவள் தங்கம்மாளின் தலைக்கு வந்ததைப் பார்க்கவில்லை. அதை நினைக்க நினைக்க அவளுக்கு வெட்கமாக இருந்தது.

ஒற்றை ஆளாக எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு அந்த வி.ஏ.ஓ. சாட்சி. நிறையப் பேர் எழுதவேண்டும். ஆறு நாளில் நிறையப் பேருக்கு எப்படிச் சொல்வது? அப்போதுதான் அவளுக்கு ஓலை ஞாபகம் வந்தது.

கத்தோலிக்கர்களுக்குள் கல்யாணம் என்றால் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம் நடக்க இருக்கிறது, இதற்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குச்சாமியாரிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள். யோசித்துப் பார்த்தால் வரைவு விதிக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? ஓலையைக் கோயிலில் எல்லார் காதிலும் விழுகிற மாதிரி வாசிக்கிறார்கள், அரசாங்கம் தன் ஓலையைக் கிணற்றுக்குள் வாசிக்கிறது. அவ்வளவுதான்.

அன்று சாயந்திரமே பங்குச்சாமியார் டேவிட் ராஜிடம் போனாள். கோயிலில் மீன் சமாச்சாரமா என்று அவர் தயங்கினார். இயேசுவின் சீடர் இராயப்பர் என்ன வேலை பார்த்தார் சாமி, மீன்தானே பிடித்தார் என்று கேட்டாள் ஞானமேரி. அவள் எழுதிக்கொண்டு வந்த தாளை அவர் வாங்கிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிகிற நேரத்தில் வாசித்தார். பிரச்சினை என்னவென்றால், இருபது வருடமாக ஓலை வாசித்த வாய் அது. ராகம் தானாக வந்துவிட்டது. மீன் விற்பனை, நூறு சதுர அடி, தலைச்சுமையாக விற்கும் தங்கம்மாள் போன்றவர்கள் என்று எல்லாம் ஒழுங்காகச் சொல்லிவிட்டு, “இது குறித்துத் தடை அல்லது ஆட்சேபணை அறிந்தவர்கள் செவ்வாய்க்கிழமைக்குள் என்னிடம் எழுத்து மூலம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்” என்று முடித்தார். ஜனங்கள் சிலுவை போட்டுக்கொண்டு எழுந்தார்கள். எல்லார் முகத்திலும் ஒரு கடமையுணர்ச்சி தெரிந்தது. ஞானமேரிக்குப் புல்லரித்தது.

திங்கட்கிழமை அந்தச் சுகாதார அதிகாரியைப் பார்க்கத் தங்கம்மாளைக் கூட்டிக்கொண்டு போனாள். அரசிதழ்ப் பிரதியை விரித்துவைத்து, இது வரைவு சார், இன்னும் விதியாகவில்லை என்றாள். கெசட்டில் வந்தாகிவிட்டதே அம்மா, கோபுர முத்திரை இருக்கிறதே என்றார் அவர். “சார், ஓலை படிச்ச அன்னைக்கே தொட்டில் கட்டிட்டீங்களே” என்றாள் ஞானமேரி. அதிகாரிக்கு அது புரியவில்லை. ஆனால் சனிக்கிழமை மத்தியானம் பிடுங்கிய மீன், ஞாயிறு முழுக்கப் பூட்டிக் கிடந்த அறையில் இருந்திருக்கிறது. திங்கட்கிழமை காலையிலிருந்து ஆபீசில் ஒருத்தரும் உள்ளே உட்காரவில்லை. அவர் கர்ச்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, முதலில் அதை எடுத்துக்கொண்டு போங்கள் என்றார். சட்டம் ஜெயித்துவிட்டது என்று ஞானமேரி பஸ்ஸில் வரும்போது சொன்னாள். நாற்றம்தான் ஜெயித்தது என்று தங்கம்மாளுக்குத் தெரியும். ஆனாலும் அக்கா மனசு நோகக்கூடாது என்று தலையாட்டினாள்.

செவ்வாய்க்கிழமை சாயந்திரம் சாமியார் ஒரு பையை நீட்டினார். முப்பத்தெட்டுக் கடிதம். ஞானமேரி வாங்கிக்கொண்டாள். கடையில் வந்து பிரித்துப் படிக்க ஆரம்பித்தாள். ஒன்பதாவது கடிதத்தில் நிறுத்தி, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி படித்தாள்.

ஓலை வாசித்தால் நம் ஆட்கள் என்ன செய்வார்கள்? மாப்பிள்ளையிடமோ பெண்ணிடமோ என்ன குறை இருக்கிறது என்று சாமியாரிடம் போய்ச் சொல்வார்கள். அதையே செய்திருந்தார்கள். விதிமேல் ஆட்சேபணை எழுதியவர்கள் ஒன்பது பேர். மிச்சம் இருபத்தொன்பதும் தங்கம்மாள் மேல் ஆட்சேபணை. பெரிய மீனுக்கு அடியில் பொடிமீனை வைத்துக் கூறு கட்டுகிறாள். தவக்கால வெள்ளிக்கிழமைகளில் கறி சாப்பிடக்கூடாத நமக்கு வேறு வழியில்லை என்று தெரிந்து விலையை ஏற்றிவிடுகிறாள். எங்கள் தெருவுக்குக் கடைசியில்தான் வருகிறாள், அதற்குள் நெத்திலி தீர்ந்துவிடுகிறது. பாடகர் குழுவை நடத்தும் டீச்சர் ஆரோக்கிய அனிதா, வாரத்தில் இரண்டு நாள் தன் வாசலில் குரல் கொடுக்காமலே போய்விடுகிறாள் என்று தேதிவாரியாக இரண்டு பக்கம் எழுதியிருந்தாள். பாதிப் பூசையில் தூங்கிவிடும் பெரியவர் ஒருவர், தங்கம்மாளின் முதல் புருஷன் பரங்கிப்பேட்டையில் உயிரோடு இருப்பதாகவும், ஆகவே இந்தக் கல்யாணம் செல்லாது என்றும் எழுதியிருந்தார்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காகிவிட்டது. ஜேக்கப் ஒவ்வொன்றாக வாங்கிப் படித்துவிட்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பிறகு, இருபத்தொன்பதையும் அடுப்பில் போட்டுவிட்டு ஒன்பதை மட்டும் அனுப்பு என்றார்.

அது புத்திசாலித்தனமான யோசனைதான். ஆனால் ஞானமேரியால் முடியாது. கட்சிக்காரர் எழுதிக் கொடுத்ததை மறைக்கவோ மாற்றவோ கூடாது என்பது தட்சிணாமூர்த்தி ஆபீசில் ஊறிப்போன பழக்கம். ஆட்சேபணை என்று எழுதி வந்தால் அது ஆட்சேபணை. அதைக் கரப்பான் தின்னலாம், அவள் தின்னக்கூடாது.

மறுபடி முதலிலிருந்து படித்தாள். இந்தத் தடவை வேறு ஒன்று கண்ணில் பட்டது. லேட்டாக வருகிறாள், எங்கள் தெருவை விட்டுவிடுகிறாள், கூப்பிடாமல் போகிறாள். இருபத்தொன்பது பேரில் ஒருத்தர்கூட தங்கம்மாள் வரவேண்டாம் என்று எழுதவில்லை. அவள் இன்னும் கொஞ்சம் சீக்கிரம் வரவேண்டும் என்பதுதான் ஊருக்குக் குறை. திட்டிக்கொண்டே இத்தனை பேர் ஒருத்தியை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். முப்பத்தெட்டையும் அப்படியே அனுப்புவது என்று முடிவு செய்தாள். பெரியவரின் முதல் புருஷன் உட்பட.

முகப்புக் கடிதத்தைப் புதன்கிழமை காலையில் டைப் அடித்தாள். ஐந்து ஆட்சேபணை. தலைச்சுமையாக மீன் விற்பவர்களுக்கு நூறு சதுர அடி பொருந்தாது. அவர்கள் மீன் அன்றே பிடித்து அன்றே தீர்வது, ஐஸ் பெட்டி தேவையில்லை. இணைப்பிலுள்ள இருபத்தொன்பது புகார்களும், பொதுமக்கள் இவர்களைத் தினமும் எதிர்பார்ப்பதற்கு ஆதாரம். இப்படி ஐந்தும் கச்சிதமாக வந்தன. நிறுத்தியிருக்கலாம்.

அந்த நேரம் பார்த்து, அன்னக்கூடை திரும்பிய குஷியில் தங்கம்மாள் நாலு கிலோ பாறை மீன் ஒன்றைக் கடைவாசலில் வைத்து ஆய்ந்துகொண்டிருந்தாள். செதில் பறந்து வந்து ஞானமேரியின் கீபோர்டில் விழுந்தது. வரைவில் ஆட்சேபணை மட்டுமா கேட்டிருக்கிறார்கள்? கருத்துரையும் கேட்டிருக்கிறார்கள். ஞானமேரியின் விரல் தானாக ஆறு என்று அடித்தது. ‘மீனை ஆயும் இடத்தில் செதில், குடல் முதலிய கழிவுகளை விட்டுச் செல்லாமல், மூடியுள்ள பாத்திரத்தில் எடுத்துச் செல்ல வேண்டும் என அவர்களுக்கு அறிவுறுத்தலாம்.’ பதின்மூன்று வருட ஆத்திரம் ஒரே வரியில் இறங்கிவிட்டது. ஸ்பீட் போஸ்டில் போட்டு, ஈமெயிலிலும் அனுப்பிவிட்டு வந்து தங்கம்மாளுக்கு டீ வாங்கிக் கொடுத்தாள்.

அதன் பிறகு ஒன்றும் நடக்கவில்லை. அரசாங்கம் யோசிக்கிறது என்றால் அப்படித்தான் இருக்கும். தங்கம்மாள் அந்த ஊரில் பஸ் மாறும்போதெல்லாம் அன்னக்கூடையைச் சேலை முந்தானையால் மூடிக்கொண்டு வந்தாள். ஞானமேரி ஒரு புதனும் விடாமல் அரசிதழைத் திறந்தாள். ஐந்து மாதம் போனது.

ஆறாவது மாதத்தில், அரசிதழின் மூன்றாம் பகுதியில் இறுதி விதி வந்திருந்தது. ஏழு பக்கம். பெறப்பட்ட ஆட்சேபணைகளும் கருத்துரைகளும் பரிசீலிக்கப்பட்ட பின்னர் என்று ஆரம்பித்தது. ஐந்தாம் பக்கத்தில், டைல்ஸ் ஒட்டுகிற விதிக்குக் கீழே, இரண்டு விலக்குரை இருந்தன. ஞானமேரி முதல் விலக்குரையைப் படித்தாள். தலைச்சுமையாக மீன் விற்பவர்களுக்கு இந்த விதியிலுள்ள எதுவும் பொருந்தாது. அவள் அழுதாள். கடையில் ஆள் இருந்தார்கள், இருந்தாலும் அழுதாள். தங்கம்மாளின் அன்னக்கூடை தப்பித்துவிட்டது. கன்னியாகுமரியிலிருந்து பழவேற்காடு வரைக்கும் எத்தனை தலைகள் உண்டோ, அத்தனையும் தப்பித்துவிட்டன.

அப்புறம்தான் இரண்டாவதைப் படித்தாள்.

‘மேலும், அத்தகைய ஒவ்வொருவரும் மீனை ஆயும் இடத்தில் செதில், குடல் முதலிய கழிவுகளை விட்டுச் செல்லாமல், மூடியுள்ள பாத்திரத்தில் எடுத்துச் செல்ல வேண்டும்.’

வார்த்தை பிசகாமல் அவளுடைய வரி. முதல் ஐந்து ஆட்சேபணைகளையும் பிழிந்து துறை தன் பாஷையில் எழுதிக்கொண்டுவிட்டது. ஆறாவதை மட்டும் அப்படியே எடுத்துப் போட்டுவிட்டது. ‘அறிவுறுத்தலாம்’ என்ற மரியாதை மட்டும் கழன்றுபோயிருந்தது. மீறினால் ஐந்நூறு ரூபாய் அபராதம் என்று அடுத்த பக்கத்தில் இருந்தது.

பத்தொன்பது வருடமாகக் கேட்ட வரம் கிடைத்தே விட்டது. ஊரைக் கூட்டிக் காட்டவேண்டும் போல இருந்தது. காட்டினால் இந்த வரியைத்தான் காட்டவேண்டும். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை என்று நினைத்துக்கொண்டாள். எட்டுப் பிரதி எடுத்தாள், எட்டையும் மேஜைக்குள் வைத்துப் பூட்டினாள்.

மறுநாள் தங்கம்மாள் வந்தபோது, விலக்கு கிடைத்துவிட்டது என்று சொன்னாள். தங்கம்மாள் ஞானமேரியின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கையில் மீன் வாடை அடித்தது. ஞானமேரி கையை இழுக்கவில்லை. அந்தத் தாளைக் கொஞ்சம் படியேன் அக்கா, குப்பத்தில் போய்ச் சொல்லவேண்டும் என்றாள். ஞானமேரி முதல் விலக்குரையைப் படித்துவிட்டுத் தாளை மடிக்கப் போனாள்.

“கீழ ரெண்டு வரி இருக்குதே. அதையும் படி” என்றாள் தங்கம்மாள். படிக்கத் தெரியாதவள், ஆனால் பார்க்கத் தெரிந்தவள்.

படித்தாள். தங்கம்மாள் சும்மாட்டைக் கீழே வைத்துவிட்டு, இன்னொரு தடவை மெதுவாகப் படிக்கச் சொன்னாள். படித்தாள். இனிமேல் தலையில் ஒன்று, இடுப்பில் ஒன்றா, பஸ்ஸில் எவன் ஏற்றுவான் என்று கேட்டாள். பிறகு, “இத எவக்கா எழுதுனா?” என்றாள்.

துறை எழுதியது என்று சொல்லியிருக்கலாம். யாரும் கண்டுபிடிக்கமுடியாது, அரசிதழில் ஆசிரியர் பெயர் போடுவதில்லை. ஆனால் பத்தொன்பது வருடம் இந்தக் கேள்விக்காகக் காத்திருந்தவள் ஞானமேரி. பயத்தைவிடப் பெருமை முந்திக்கொண்டு வாயைத் திறந்துவிட்டது.

“நான்தான் தங்கம்.”

தங்கம்மாள் திட்டவில்லை. திட்டியிருந்தால் ஞானமேரிக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அன்னக்கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். அன்று அந்தத் தெருவில் மீன் குரல் கேட்கவில்லை. மறுநாளும் கேட்கவில்லை. ஞானமேரிக்கு மெஷினில் பேப்பர் வைக்கக்கூடத் தெம்பில்லை. ஒரு செதிலுக்காகச் சிநேகத்தை விற்றுவிட்டோமே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் தங்கம்மாள் வந்தாள். இடுப்பில் ஒரு மஞ்சள் பெயிண்ட் வாளி, மூடியோடு. எப்போதும் போல நிழலில் உட்கார்ந்தாள். எப்போதும் போல நாலு பேருக்கு மீன் ஆய்ந்து கொடுத்தாள். செதில், செவுள், குடல் எல்லாவற்றையும் வழித்து வாளியில் போட்டு, மூடியை அழுத்தி மூடினாள். படியைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். பதின்மூன்று வருடத்தில் அந்தப் படி அவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை. பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு படியேறி, கடைக்குள் வந்து, ஞானமேரியின் மேஜைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“ஆய்ஞ்ச எடத்துல வுடக்கூடாது, மூடி போட்டு எடுத்துட்டுப் போவணும். எடுத்துட்டு வந்துட்டேன். எங்க கொண்டுபோவணும்னு போட்டிருக்கா?”

ஞானமேரி மேஜையைத் திறந்து பிரதியை எடுத்தாள். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் விரல் வைத்துப் படித்தாள். தங்கம்மாள் அவசரப்படாமல் நின்றாள். ஏழு பக்கத்திலும் போட்டிருக்கவில்லை.

“இல்ல” என்றாள் ஞானமேரி.

“அப்ப தெனம் வரும்” என்றாள் தங்கம்மாள். சொல்லிவிட்டு, சங்கரா ஒரு கூறு வாழையிலையில் சுற்றி வாளிமேல் வைத்தாள். ஞானமேரி காசு எடுத்தபோது, திங்கட்கிழமை வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிக்கொண்டே இறங்கிப் போனாள். திங்கட்கிழமை வருவாள் என்று தெரிந்ததும் ஞானமேரிக்கு மூச்சு வந்தது. அந்த மூச்சை முழுசாக இழுக்கத்தான் முடியவில்லை.

ஜேக்கப் சாயந்திரம் பஸ்ஸை நிறுத்திவிட்டு வந்தார். கடையில் ஒருத்தரும் இல்லை. மூன்று பூனைகள் வாசலில் உட்கார்ந்து உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தன. இது என்ன வாளி என்று கேட்டார்.

“நான் எழுதுன சட்டம்” என்றாள் ஞானமேரி.

ஜேக்கப் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, உடனே மூடினார்.